நீக்கிய அந்தக் கருத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: மூன்று ஆண்டுகளாகச் சிங்கப்பூரின் ஈசூனில் என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து முறுக்கு, அதிரசம், ஓமப்பொடி செய்து விற்கிறேன். சமூக ஊடகத்தில் ஆள் சேர்ந்தால்தான் வியாபாரம் பெருகும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, 400 வெள்ளி கொடுத்து இன்ஸ்டகிராமில் பின்தொடர்பவர்களை வாங்கினேன். இப்போது 6,000 பேர் இருக்கிறார்கள். ஆனால் சென்ற தீபாவளிக்கு 31 பேர்தான் வாங்கினார்கள். மகள் பள்ளிப் பெற்றோர், கோயிலில் பழக்கமானவர்கள் என 180 பேரை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தேன். ஒரே இரவில் 60 பேர் வெளியேறிவிட்டார்கள். ஒரு பெண்மணி என் பக்கத்தில், "முறுக்கில் சிக்கு வாடை அடிக்கிறது" என்று எழுதினார். பயந்துபோய் அதை நீக்கி, அவரையும் தடை செய்துவிட்டேன். பெயர் பெற்ற ஒருவருக்கு இலவசமாகக் கொடுத்துப் புகழ்ந்து பேசச் சொல்லலாம் என்கிறாள் தங்கை. மக்களின் நம்பிக்கையை நான் எப்படிப் பெறுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈசூன்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 6,000, 180, 60, 31 என்று அத்தனை எண்களை எழுதியிருக்கிறீர்கள். என் மனம் மட்டும் அந்தச் சிக்கு வாடைப் பெண்மணியிடமே நின்றுவிட்டது. அவர் காசு கொடுத்து வாங்கினார், சாப்பிட்டுப் பார்த்தார், பிடிக்கவில்லை என்பதை உங்களிடமே வந்து சொன்னார். முறுக்கு சரியில்லை என்றால் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. மீதியைக் குப்பையில் கொட்டிவிட்டு, அடுத்த தீபாவளிக்குத் தேக்காவில் வேறொரு கடையைத் தேடிப் போய்விடுவார்கள். ஏன் வரவில்லை என்பது உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. தெரியச் செய்த ஒரே ஆளை நீங்கள் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டீர்கள்.

பயத்தில் செய்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். எழுதியது காணாமல் போயிற்று. உங்கள் பக்கமே அவருக்குத் திறக்கவில்லை. முறுக்கு கெட்டுப்போனதைவிட அதுதான் அவர் மனத்தில் நிற்கும். அக்கம்பக்கத்தில் பேசும்போது அதைத்தான் முதலில் சொல்வார்.

என் அம்மா வீட்டில் ரவிக்கை தைத்துக்கொடுத்தவர். ஒருமுறை ஒரு கல்யாண ரவிக்கையில் கைக்குழியைச் சற்று இறுக்கமாக வெட்டிவிட்டார். மணப்பெண்ணின் தாயார் வந்ததும், பையைப் பிரிப்பதற்கு முன்பே, "கைக்குழியில் என் கை தவறிவிட்டது, இதோ பாருங்கள்" என்று இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு அதே நிறத் துணியைத் தன் செலவில் வாங்கி, இரவு முழுக்க உட்கார்ந்து மறுபடி தைத்தார். அந்தக் குடும்பத்தின் பேத்திக்குப் பாவாடை சட்டை தைக்கும் வரை அம்மாவிடம்தான் வந்தார்கள். அம்மா விளம்பரம் என்ற சொல்லைக்கூடப் பயன்படுத்தியதில்லை.

எனவே முதல் வேலையாக அந்தத் தடையை நீக்குங்கள். பிறகு அவருக்குத் தனியாக எழுதுங்கள். இப்படி எழுதலாம்: "வணக்கம். முறுக்கு பற்றி நீங்கள் எழுதியதை நீக்கியது என் தவறு, மன்னியுங்கள். எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்று சொன்னால், அன்று சுட்டதில் என்ன கோளாறு என்று பார்க்க உதவியாக இருக்கும். உங்கள் பணத்தை பேநவ் வழியாகத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்." இவ்வளவு போதும். அடுத்த முறை பத்து விழுக்காடு கழிவு தருகிறேன் என்றெல்லாம் சேர்க்காதீர்கள். மன்னிப்போடு விற்பனையும் ஒட்டிக்கொண்டு வந்தால் மன்னிப்பு கெட்டுவிடும். அவர் பதில் எழுதாவிட்டால் விட்டுவிடுங்கள், துரத்த வேண்டாம்.

கூடவே உங்கள் சமையலறையையும் பாருங்கள். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினாலும், பழைய மாவைப் பிசைந்தாலும், சுட்டதை வெயில் படும் இடத்தில் நாள் கணக்கில் வைத்தாலும் சிக்கு வாடை வரும். சூடு ஆறும் முன் பொட்டலம் கட்டினால் நமத்துப்போகும், அது வேறு கோளாறு. காரணம் பிடிபட்டதும் அதை உங்கள் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பெண்மணியின் பெயர் வேண்டாம். "இந்த வாரம் சுட்டதில் சிலருக்கு வாடை வந்திருக்கிறது, எண்ணெயை மாற்றிவிட்டேன், வாங்கியவர்கள் சொன்னால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்றால் போதும். ஒவ்வொரு பொட்டலத்திலும் சுட்ட தேதியைக் கையால் எழுதி ஒட்டுங்கள். பூ வேலைப்பாடு போட்ட படத்தைவிட உங்கள் கையெழுத்தில் உள்ள அந்தத் தேதி வாங்குபவருக்கு அதிகம் சொல்லும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் தெரியுமா? வீட்டிலிருந்து உணவு செய்து விற்பதற்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை. உங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் வாங்குபவருக்குப் பார்த்து நம்புவதற்குக் கடையும் இல்லை, சுவரில் மாட்டிய சான்றிதழும் இல்லை. அதற்கு மேல், 2023இல் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் மூன்கேக் என்ற சீனப் பண்டிகைப் பலகாரம் விற்பதாக விளம்பரம் செய்து, வாங்க வந்தவர்களை ஒரு செயலியைப் பதிவிறக்க வைத்து, வங்கிக் கணக்கையே துடைத்தெடுத்த மோசடிகள் பற்றிக் காவல்துறை எச்சரித்தது நம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. பண்டிகைப் பலகாரத்துக்கு முன்பணம் கேட்கும் முகம் தெரியாத எவரையும் மக்கள் இனிச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அந்தச் சந்தேகத்துக்காக அவர்களைக் கோபிக்க முடியாது. முன்பணம் கேட்காமல், பொருளைக் கையில் வாங்கிய பின் பணம் கொடுங்கள் என்று சொல்ல உங்களால் முடியுமானால் சொல்லுங்கள். அடிப்படை உணவுப் பாதுகாப்புப் பயிற்சிக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

அந்த 6,000 பேரைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அவர்கள் யாரும் முறுக்கு சாப்பிடப் போவதில்லை. வெளிச் செயலிகளைக் கொண்டு போலியாகச் சேர்த்த பின்தொடர்பவர்களையும் விருப்பக்குறிகளையும் நீக்கத் தொடங்குவதாக இன்ஸ்டகிராம் 2018லேயே அறிவித்துவிட்டது. போன 400 வெள்ளி போகட்டும், இனி ஒரு வெள்ளியும் அந்த வழியில் செலவழிக்காதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவை நான் அப்படி லேசாக விடமாட்டேன். ஒரு குழுவில் சேர்த்ததும் ஒவ்வொருவருடைய எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. பள்ளி வாசலில் உங்களை நம்பி எண் கொடுத்த ஒரு தாயின் எண்ணை, அவரைக் கேட்காமலே, முன்பின் தெரியாத 179 பேரிடம் கொடுத்திருக்கிறீர்கள். அந்த 60 பேர் முறுக்கை வெறுத்து வெளியேறவில்லை. சிங்கப்பூரில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், விளம்பர அழைப்பும் செய்தியும் வேண்டாம் என்று எண்ணைப் பதிந்துகொள்ளும் பதிவேடு 2014 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதில் பதிந்தவருக்கு, அவருடைய தெளிவான சம்மதம் இல்லாமல் விற்பனைச் செய்தி அனுப்பக்கூடாது. குறுஞ்செய்திக்கு மட்டுமல்ல, வாட்ஸ்அப்புக்கும் அது பொருந்தும். சட்டம் இருக்கட்டும், கோயில் பிரகாரத்தில் அவர்களை மறுபடி பார்க்க வேண்டுமே! ஒரு வரி மன்னிப்பு எழுதிவிட்டுக் குழுவைக் கலைத்துவிடுங்கள்.

பிறகு, நேரில் பார்க்கும்போது, "தீபாவளிக்குப் பட்டியல் அனுப்பட்டுமா?" என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். சரி என்றவர்களை மட்டும் வாட்ஸ்அப்பில் இருக்கும் ஒலிபரப்புப் பட்டியலில் சேருங்கள். அதில் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். நாற்பது பேர் சேமித்து வைத்திருந்தால் எனக்கு அது பெரிய எண்ணிக்கை. மாதத்துக்கு ஒரு செய்தி போதும், அதுவும் இரவு எட்டு மணிக்கு மேல் வேண்டாம்.

உங்கள் தங்கை சொன்ன யோசனையைப் பொறுத்தவரை, இலவசமாக வாங்கிக்கொண்டு ஒருவர் புகழ்ந்தால் அது விளம்பரம். விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் 2016இல் வெளியிட்ட சமூக ஊடக வழிகாட்டி நெறிகளின் சாரமும். அப்படிச் சொல்லிச் செய்வதில் தவறில்லை. ஆனால் இப்போது செய்யாதீர்கள். வாடைக்குக் காரணம் தெரியாமல் இன்னும் நூறு பேரை அழைத்து வந்தால், நூறு பேருக்கும் அதே முறுக்கைத்தான் கொடுப்பீர்கள்.

அதைவிட உங்களிடம் 31 பேர் இருக்கிறார்கள். அவர்கள் உண்மையான ஆட்கள், உங்கள் பலகாரம் அவர்கள் வீட்டுத் தட்டில் இருந்திருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒருவருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யார் வீட்டில் பல் இல்லாத மாமனார் இருக்கிறார், யாருக்கு எள் ஆகாது, யார் அதிரசத்தில் வெல்லம் குறைவாகக் கேட்டார் என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தீபாவளிக்கு, "தாத்தாவுக்காகக் கொஞ்சம் வெண்ணெய் கூடுதலாகச் சேர்த்து மெத்தென்று தனியாகச் சுடட்டுமா?" என்று ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். இன்ஸ்டகிராம் பக்கத்தை மூட வேண்டியதில்லை. இணையத்தில் எடுத்த படம் ஏதாவது இருந்தால் நீக்கிவிட்டு, உங்கள் அடுப்பையும் அச்சையும், ஓரம் உடைந்த முறுக்கையும்கூட அப்படியே போடுங்கள். யாராவது கேள்வி கேட்டால் அன்றைக்கே பதில் எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பெண்மணி. இன்றிரவே எழுதிவிட வேண்டும் என்று தோன்றும், வேண்டாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல், அவர் வீட்டு வேலை ஓரளவு முடிந்திருக்கும் நேரமாகப் பார்த்து எழுதுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.