எண்ணெய் விலை சரிந்தால் எடுப்பவருக்கு என்ன ஆகும்? திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

நிலாவெளி மீனவர் ஒருவர்: டீசல் விலை ஏறினால் எங்கள் படகுகள் கரையில் கிடக்கின்றன. எண்ணெய் எடுக்கும் கம்பனிகளுக்கு எப்போதும் இலாபம்தானே ஐயா?

பதில்: இல்லை தம்பி. உங்களுக்கு ஏற்றம் ஆபத்து, அவர்களுக்கு இறக்கம் ஆபத்து. கிணறு தோண்டும் பணம் முதலிலேயே போய்விடும். அதை மீட்கப் பல ஆண்டுகள் எண்ணெய் விற்க வேண்டும். 2014 நடுப்பகுதியில் பீப்பாய் 110 டொலரைத் தாண்டியிருந்த, உலக விலைக்கு அளவுகோலான பிரெண்ட் எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டொலருக்கும் கீழே போனது. பழைய விலையை நம்பிக் கடன்பட்டவர்கள் என்ன செய்வார்கள்? தொலைவில் தேட வேண்டாம். மன்னார்க் கடலில் 2011இல் கெய்ர்ன் இந்தியா எரிவாயுவைக் கண்டது. விலை சரிந்துகிடந்த 2015இல் அந்த நிறுவனம் விலகிப் போனது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

தம்பலகாமம் ஆசிரியை: தப்ப வழியே இல்லையா?

பதில்: உங்கள் ஊரில் அறுவடைக்கு முன்பே நெல்லுக்கு விலை பேசி முடிப்பதுண்டல்லவா? எண்ணெயிலும் அதுதான், முன்விலை ஒப்பந்தம். சந்தை விழுந்தாலும் பேசிய விலை கிடைக்கும். ஏறினால் அந்த ஏற்றம் கிடைக்காது. ஏற்றத்தையும் விட மனமில்லாதவர்கள், குறித்த விலைக்கு விற்கும் உரிமையைக் கட்டணம் செலுத்தி வாங்குவார்கள். மெக்சிகோ அரசு ஆண்டுதோறும் இப்படிச் செய்துவந்தது. விலை விழுந்த 2009இலும் 2015இலும் அதற்குப் பெருந்தொகை வந்தது. விலை விழாத ஆண்டில் கட்டணம் போய்விடும். அதை நட்டம் என்று திட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீடு எரியவில்லை என்பதற்காகக் காப்புறுதிப் பணத்துக்கு அழுவோமா?

மூதூர் மாணவர்: அப்படியானால் எண்ணெய் விலை ஒப்பந்தம் செய்தும் இலங்கை ஏன் நட்டப்பட்டது?

பதில்: நல்ல கேள்வி. நாம் வாங்குபவர்கள், ஏற்றத்துக்கு அஞ்சி 2007, 2008இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் வங்கிகளோடு ஒப்பந்தம் செய்தது. விலை ஏறினால் வங்கி தருவதற்கு உச்ச வரம்பு இருந்தது. இறங்கினால் நாம் கொடுப்பதற்கு வரம்பு இல்லை. 2008 ஜூலையில் 147 டொலரைத் தொட்ட விலை டிசம்பரில் 40 டொலருக்குக் கீழே வந்தது. வரம்பில்லாத பக்கம் எது என்று பார்க்காமல் கையெழுத்திடுவதை நான் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன்.

சீனன்குடாவிலிருந்து ஒருவர்: எங்களிடம் 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றனவே?

பதில்: தேக்க இடமிருப்பவருக்குக் காத்திருக்கும் பலம் உண்டு. 2020 ஏப்ரல் 20இல் அமெரிக்காவில் தாங்கிகள் நிரம்பும் நிலை வந்தபோது, மே மாதம் எண்ணெய் ஒப்படைக்கும் ஒப்பந்தம் பீப்பாய்க்குப் பூச்சியத்துக்குக் கீழே 37.63 டொலரில் முடிந்தது, அதாவது விற்பவரே பணமும் கொடுக்க வேண்டிய நிலை. ஆனால் எரிவாயுவுக்கு இந்தத் தாங்கிகள் உதவா. கிட்டத்தட்ட மைனஸ் 162 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்துத் திரவமாக்கினால்தான் அதைக் கப்பலில் ஏற்றலாம். அதனால்தான் வாயு விலை எண்ணெயைவிட முரட்டுத்தனமாக ஆடுகிறது.