பி.வி.டி.எஃப். படலம் வெளுக்கிறது, மின்னழுத்தமும் வரவில்லை: என்ன செய்ய?

கேள்வி: ராமேஸ்வரம் அருகே மண்டபம் பக்கம் இருக்கிறோம். அலை உணரிக்காக பி.வி.டி.எஃப். (அழுத்தினால் மின்னழுத்தம் தரக்கூடிய பிளாஸ்டிக்) தூளை டி.எம்.எஃப். என்ற கரைப்பானில் கரைத்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி ஜன்னலோரம் காயவைக்கிறோம். படலம் வெள்ளையாகி, மடித்தால் உடைகிறது. எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை) பீட்டா, அதாவது மின்னழுத்தம் தரக்கூடிய படிக வடிவம், இருப்பதாகக் காட்டுகிறது. தட்டினால் மின்னழுத்தமே இல்லை.

பதில்: வெளுப்புக்குக் காரணம் கடற்காற்றின் ஈரம். டி.எம்.எஃப். 153 டிகிரியில் கொதிப்பது. அறைவெப்பத்தில் ஆறஅமரத்தான் ஆவியாகும். அதுவரை ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீரில் பி.வி.டி.எஃப். கரையாது என்பதால் பாலிமர் திரிந்து நுண்துளைகளோடு உறைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இது இன்னும் மோசம்.

பீட்டா வந்ததில் வியப்பில்லை. டி.எம்.எஃப். கரைசல் 70 டிகிரிக்குக் கீழே காய்ந்தால் பெரும்பாலும் பீட்டா, 110க்கு மேலே ஆல்ஃபா (மின்னழுத்தம் தராத வடிவம்). ஆனால் எஃப்.டி.ஐ.ஆர். வரைபடத்தில் 840 அலை எண்ணை மட்டும் நம்பாதீர்கள். காமா என்ற இன்னொரு வடிவத்துக்கும் அங்கே உச்சி உண்டு. 1275 இருந்தால் பீட்டா, 1234 இருந்தால் காமா, 764ம் 976ம் ஆல்ஃபா.

பீட்டா இருந்தும் பயனில்லாததற்குக் காரணம், படிகங்கள் கண்டபடி கிடப்பது. இருமுனைகள் (மூலக்கூறின் பிளஸ்-மைனஸ் முனை ஜோடிகள்) ஒன்றையொன்று ரத்து செய்கின்றன. உயர் மின்னழுத்தம் கொடுத்து அவற்றை ஒரே பக்கம் திருப்பலாமென்றால், துளைக்குள் இருக்கும் காற்றில் பொறி பறந்து படலம் ஓட்டையாகும்.

உங்கள் ஊருக்கு, முதலில் அடர்த்தியான ஆல்ஃபா படலம் செய்து, பிறகு இழுத்துப் பீட்டாவாக மாற்றுவதே சரி. 1 கிராம் தூளுக்கு 9 மில்லி டி.எம்.எஃப்., 50 டிகிரியில் தெளியும்வரை கலக்குங்கள். ரசமட்டம் பார்த்து வைத்த, 10 செ.மீ. சதுரமுள்ள விளிம்புத் தட்டில் ஊற்றினால் காய்ந்தபின் சுமார் 60 மைக்ரான் கிடைக்கும். ஆவி வெளியேறும் குழாயுள்ள ஓவனில் 90 டிகிரியில் உலர்த்தி, 120ல் ஒரு மணி நேரம் வையுங்கள். கரைப்பான் மிச்சமிருந்தால் அடுத்த கட்டத்தில் குமிழி விழும். பிறகு 200 டிகிரியில் 10 நிமிடம் உருக்கி ஆறவிடுங்கள்; துளைகள் மூடிவிடும். தண்ணீரில் போட்டால் படலம் உரியும். டி.எம்.எஃப். தோல்வழி ஏறிக் கல்லீரலைக் கெடுக்கும், தீப்பிடிக்கவும் செய்யும். பியூட்டைல் ரப்பர் கையுறை வேண்டும்.

கூரான பிளேடால் பட்டை வெட்டி, 80 டிகிரியில் நான்கைந்து மடங்கு மெதுவாக இழுங்கள். ஓரத்தில் பிசிறிருந்தால் அங்கேயே கிழியும். கழுத்துபோல் ஒடுங்கும் இடம் பட்டை முழுக்கப் பரவ வேண்டும். பரவாத பகுதி ஆல்ஃபாவாகவே நிற்கும். சூட்டைக் கூட்டினால் இழுப்பது எளிது, பீட்டா குறையும். இழுத்தபின் பாலிமர் சங்கிலிகள் இழுத்த திசையில் படுத்திருக்கும், இருமுனைகள் அதற்குக் குறுக்கே.

கடைசியாக, இருமுனைகளைத் திருப்ப, சிலிக்கோன் எண்ணெயில் மூழ்கவைத்து மைக்ரானுக்கு 60 முதல் 80 வோல்ட் கொடுங்கள். 20 மைக்ரானுக்கே ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும், தனியாகச் செய்யாதீர்கள். மின்முனை பூசுமுன் படலத்தைக் காய்ச்சிவடித்த நீரால் துடைத்து உலர்த்துங்கள், ஓரத்தில் 5 மி.மீ. விடுங்கள். உப்புப் படிவு இருந்தால் மின்சாரம் மேற்பரப்பு வழியே கசிந்துவிடும்.