இணையக் குழுக்களில் ஒருவர் எப்படிப் பிரபலமாகிறார்?

பிரபலம் என்பது, நேரில் அறியாத ஒருவரைப் பற்றிப் பலரும் தொடர்ந்து பேசுவதால் அவருக்கு உருவாகும் பொது அடையாளம். திறமையால் மட்டும் அது அமைவதில்லை. இணையக் குழுக்களில் ரசிகர்கள் அவரை ஓவியமாக வரைந்தும், மீமாக மாற்றியும், காட்சிகளை வெட்டித் தொகுத்தும் பகிரும்போது, ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒரு வண்ணத்தைச் சேர்க்கிறார்கள். பகிர்வு மிகுந்ததையே தளங்களும் மேலும் பலருக்குக் காட்டுகின்றன. வாய்மொழிக் கதை சொல்பவர்தோறும் வளர்வதைப் போன்றது இது. என் பார்வையில், இங்கு ரசிகர்களே பாதிப் படைப்பாளிகள். அடிக்கடி பார்ப்பதால் பழகியவர் போன்ற உணர்வும் பிறக்கிறது; இந்த ஒருதலை நெருக்கத்தை, வானொலி, தொலைக்காட்சி நேயர்களை முன்வைத்து, டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் ஆகிய ஆய்வாளர்கள் 1956-ஆம் ஆண்டிலேயே விளக்கினர். அதிகம் பகிரப்படுபவரை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்று எண்ணுவது தவறு. எதிர்த்துப் பகிர்ந்தாலும் அதே பெயர்தான் பரவுகிறது.