உயில் இருக்கிறதே, அப்புறம் எதற்கு கோர்ட்?

கேள்வி: டெக்சாஸ் ஹூஸ்டனில் இருந்த அப்பா போன வருடம் தவறிவிட்டார். உயிலில் என்னைத்தான் எக்ஸிகியூட்டராக (உயிலை நிறைவேற்றுபவராக) போட்டிருக்கிறார். அதைக் காட்டியும் பேங்க்கில் பணம் தர மாட்டேன் என்கிறார்கள். வீடும் அவர் பெயரில்தான். என்ன செய்வது?

பதில்: பேங்க் சொல்வது சரிதான். உயிலை கோர்ட் ஏற்றுக்கொண்டு, நீங்கள் உறுதிமொழி எடுத்த பிறகு தரும் 'லெட்டர்ஸ் டெஸ்டமென்டரி' என்ற அதிகாரப் பத்திரம் கையில் இருந்தால்தான் கணக்கைத் தொட முடியும். அப்பா குடியிருந்தது ஹாரிஸ் கவுண்டி என்றால் அங்குள்ள, உயில் விவகாரங்களைப் பார்க்கும் புரோபேட் கோர்ட்டில் ஒரிஜினல் உயிலோடு மனு போடுங்கள். டெக்சாஸில் பொதுவாக இறந்த நாளிலிருந்து 4 வருடம் கெடு, அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். நோட்டீஸ் ஒட்டி, காத்திருப்பு முடிந்து ஹியரிங் வரும், யாரும் ஆட்சேபிக்காவிட்டால் பெரும்பாலும் சில நிமிட வேலைதான். அதன் பிறகுதான் உங்களுக்கு உண்மையான வேலை: ஒரு மாதத்துக்குள் கடன்காரர்களுக்குப் பத்திரிகை நோட்டீஸ், 90 நாளுக்குள் சொத்துப் பட்டியல். வாரிசு நீங்கள் ஒருவரே இல்லையென்றால் வக்கீல் இல்லாமல் கோர்ட்டில் பொதுவாக விடமாட்டார்கள், அந்தச் செலவில் கஞ்சம் பார்க்காதீர்கள். வீட்டுக் கடன் தவிர வேறு கடன் இல்லையென்றால் 'மியூனிமென்ட் ஆஃப் டைட்டில்' (கோர்ட் ஏற்ற உயிலே சொத்துரிமைக்குச் சான்றாவது) என்ற சுருக்கு வழியும் உண்டு. வீட்டுக்கு அது போதும், ஆனால் அதில் லெட்டர்ஸ் கிடைக்காது, உங்கள் பேங்க் முரண்டு பிடிக்கலாம், முதலில் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.