கொழும்பில் கடை போடுகிறவர்களின் பி.ஆர்., லைசன்ஸ் கேள்விகள்

பி.ஆர். எனப்படும் தொழில் பெயர்ப் பதிவு வேலையையே செய்து வருகிறேன், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன் அண்ணா. பி.ஆர். கட்டாயமா?

உங்கள் சொந்த முழுப் பெயரிலேயே விற்றால் கட்டாயமில்லை தங்கச்சி. வேறு பெயர் வைத்தால் 1918ஆம் ஆண்டின் வணிகப் பெயர்கள் கட்டளைச் சட்டப்படி பதிய வேண்டும். ஜீ.எஸ். (கிராம சேவகர்) உறுதிப்படுத்திய கடிதம், அடையாள அட்டைப் பிரதி, வீட்டு உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் எடுத்துக்கொண்டு திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குப் போங்கள். கடைப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் பி.ஆர். கேட்பார்கள், அதனால் எடுத்துவிடுவதே நல்லது.

கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக் கடை. பி.ஆர். இருக்கிறது, ஆனாலும் மாநகர சபையிலிருந்து வந்து லைசன்ஸ் கேட்கிறார்கள். ஏன்?

இதில்தான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள், கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். பி.ஆர். என்பது இந்தப் பெயரில் தொழில் செய்பவர் இன்னார் என்ற பதிவு மட்டும்தான், அந்த இடத்தில் அடுப்பு மூட்ட அனுமதி தருவது மாநகர சபையின் வியாபார லைசன்ஸ். சாப்பாட்டுக் கடை என்றால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்ப்பார்: சமையலறைத் தரையும் சுவரும் கழுவக்கூடியதா, கழிவுநீர் எங்கே போகிறது, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவறைக் கதவு சமையல் பக்கம் திறக்கிறதா, வேலையாட்களுக்கு மெடிக்கல் எடுத்திருக்கிறதா. அட்வான்ஸ் கொடுத்து, டைல்ஸ் பதித்து, போர்டும் மாட்டிய பிறகு கழிவுநீர்க் கான் சரியில்லை என்று தெரிந்தால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன்னமே உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடம் இடத்தைச் சொல்லிக் கேளுங்கள், தயவுசெய்து. இன்னொன்று, லைசன்ஸ் டிசம்பர் 31 வரைக்கும்தான், ஒக்டோபரில் எடுத்தாலும் ஜனவரியில் புதுப்பிக்க வேண்டும். கடை தெஹிவளைப் பக்கம் என்றால் லைசன்ஸ் தரும் மாநகர சபையே வேறு.

என் கடைப் பெயரை வேறொருவர் வைத்துவிட்டார். என்னிடம் பி.ஆர். இருக்கிறதே?

பி.ஆர். பெயருக்கு உரிமை தராது. பெயரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வணிகக் குறியாக (ட்ரேட் மார்க்) பதியுங்கள், 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள சமாகம் மெதுர கட்டடத்தில்தான் வணிகக் குறி பதியும் அலுவலகம், கொம்பனிப் பதிவாளர் திணைக்களமும் அங்கேதான்.

கொம்பனியாகவே போடலாமா?

போடலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கொம்பனிகள் சட்டப்படி பங்குதாரர் ஒருவரே போதும், பதிவு ஒன்லைனில். கடன் வந்தால் உங்கள் வீடு வளவு பெரும்பாலும் தப்பும், ஆனால் வங்கியில் தனிப்பட்ட பிணை கையெழுத்து வைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். செயலாளர் ஒருவரை வைக்கவும் வருடாந்த அறிக்கை கொடுக்கவும் வேண்டும், சின்னக் கடைக்கு இந்தச் செலவு வீண் என்பது என் கருத்து.

இரண்டு பொடியன்கள்தான் வேலை செய்கிறார்கள். அதற்கும் ஈ.பி.எஃப். ஆ?

ஈ.பி.எஃப். என்பது ஊழியர் சேமலாப நிதி, ஒரே ஒருவர் என்றாலும் கட்ட வேண்டும். அவர் சம்பளத்தில் 8%, உங்கள் கையிலிருந்து 12%, அதோடு ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3%, அதுவும் உங்கள் கையிலிருந்துதான். உங்கள் 15 வீதத்தையும் சம்பளத்திலேயே வெட்டுகிற முதலாளிமார் இருக்கிறார்கள், அது சட்டவிரோதம், அந்தப் பிள்ளைகளின் வயதான காலத்துக் காசு அது. அடுத்த மாதம் முடிய முன் கட்டுங்கள், பிந்தினால் மிகைக்கட்டணம் ஏறும்.

எனக்குச் சிங்களம் வாசிக்க வராது, படிவத்துக்கு என்ன செய்வது?

தமிழ்ப் படிவம் கேளுங்கள் அக்கா. கொழும்பிலும் தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. புரியாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள், பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்து மாறாமல் எழுதுங்கள்.