ஜோடிப் படத்தில் ஒருவர் முகம் மட்டும் இருண்டால்

வணக்கம். தென்னாப்பிரிக்க நகரமான டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டு கராஜில் எடுத்த ஜோடிப் படத்தில் மனைவியின் முகம் வெளுத்து, கணவர் முகம் இருண்டுபோனதாக எழுதியிருந்தீர்கள். சாஃப்ட்பாக்ஸ் (ஒளியை மென்மையாக்க ஃப்ளாஷ் விளக்கின் முன் மாட்டும் துணிப் பெட்டி) ரொம்பப் பக்கத்தில் நிற்பதுதான் காரணம். விளக்கிலிருந்து மனைவி 1 மீட்டரிலும் கணவர் 1.5 மீட்டரிலும் நின்றால், கணவர்மேல் பாதிக்கும் குறைவான வெளிச்சமே விழும். விளக்கை மனைவியிடமிருந்து 2.5 மீட்டருக்குத் தள்ளுங்கள்; இருவருக்கும் வித்தியாசம் அரை ஸ்டாப்தான் இருக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது). தள்ளியதில் குறையும் வெளிச்சத்துக்கு ஃப்ளாஷ் பவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், சாஃப்ட்பாக்ஸைக் கொஞ்சம் கணவர் பக்கம் திருப்புங்கள்.

கேமராவில் எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 100 (ஒளி உணர்திறன்), ஷட்டர் 1/125 விநாடி போதும். டர்பன் கல்யாணங்களில் நான் வெள்ளை வேட்டியைப் பார்த்துத்தான் எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு) வைப்பேன். வேட்டி மடிப்பும் புடவைச் சரிகையின் இழையும் தெரிகிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். சரிகை வெளுத்துவிட்டால் பிறகு மீட்கவே முடியாது.