காசு எங்க மனந்திரும்புச்சு?

ஒரு பொம்பள காணாமப்போன வெள்ளிக்காச விளக்கக் கொளுத்தி வீட்டப் பெருக்கித் தேடி எடுக்குற உவமைல காசு ஒண்ணுமே பண்ணலையே, அப்புறம் ஏன் இயேசு அத ஒரு பாவி மனந்திரும்புறதுன்னு முடிக்கிறாருன்னு கேட்டிருக்கீங்க, நல்ல கேள்விதான். பைபிள்ல லூக்கா 15-ல மூணு கதை வரிசையா வரும். ஆடு வழிதப்பிப் போவுது, இளைய மகன் சொத்தப் பிரிச்சு வாங்கிட்டு அவனாவே போறான், ஆனா காசுக்கு தான் தொலஞ்சதே தெரியாது, அதுவும் வீட்டுக்குள்ளயே கெடக்கு. இயேசு பாவிகளோட சாப்பிடுறாருன்னு பரிசேயர்ங்கற கறாரான யூத மதக் குழு முறுமுறுத்ததுக்குத்தான் இந்தப் பதிலு, அதனால பேச்சு காசப் பத்தி இல்ல, தேடுறவளப் பத்தி. அந்தக் காசு ஒண்ணு ஏறக்குறைய ஒரு நாள் கூலி. எங்க மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீசுக்கு (முந்திரிக்கொட்ட உடைக்கிற கம்பெனி) வேலைக்குப் போற அக்காமாருக்கு ஒரு கம்மல் திருகு விழுந்தா போதும், லைட்டப் போட்டு கட்டில இழுத்து மூலையெல்லாம் தூத்து வாரி எடுத்துட்டுதான் சோறே திம்பாங்க.

எனக்கு உறைக்கிறது அந்த வீட்டுக்குள்ளங்கறதுதான். ஞாயிறு தவறாம பூசைக்கு வர்றவரு, அன்பியக் கூட்டத்துல (பங்குல பக்கத்து வீட்டுக்காரங்க கூடி ஜெபிக்கிறது) முன்னால நின்னு பாடுறவரு, இவங்களும் இப்படி கெடக்கலாம், நாம வெளிய இருக்குறவங்களத்தான் லிஸ்ட் போட்டு ஜெபிக்கிறோம் (நானும் சேத்துதான்). மனந்திரும்புறதுக்கான தெம்பே கடவுள் நம்மளத் தேடி எடுக்கும்போதுதான் வருதுன்னு நான் எடுத்துக்குறேன், எல்லா பாஸ்டர்மாரும் இத ஒத்துக்க மாட்டாங்க. அடுத்த கதைல மகன் தானா எழும்பி வர்றான்ல, ரெண்டையும் சேத்து ஒருக்கா படிச்சுப் பாருங்க.